சிலம்பு குறியீடான வகை

ஒரு பொருளோ ஒரு மனிதரோ ஒரு மெய்ப்பாடோ தன்னையன்றித் தன்னிற் பெரிய கருத்தொன்றனை உணர்த்தி நிற்குமிடத்து அதனைக் குறியீடு என்கின்றோம். இலக்கியத் திறனாய்வில் இன்று மிகுதியாக வழங்குஞ் சொற்களுள் இதுவும் ஒன்று. மிகுதியாக வழங்குவதனாலேயே அதன் கூர்மை மழுங்கியும் விட்டது. சிறுகதையொன்றில் மரம் விழுந்தால் மரபு வீழ்ந்தது என்றும், விளக்கு அணைந்தால் நம்பிக்கை அணைந்தது என்றும் எழுதி விடுவது நம்மிடையே எளிதாகிவிட்டது. அம்மரத்துக்கு அப்பொருள் எவ்வாறு வந்தது, யார் கொடுத்தார், யார் ஏற்றார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இக்கட்டுரையில் நாம் அவ்வினாக்களைத் தமிழர் நன்கறிந்த ஒரு பொருளை, கண்ணகியின் காற்சிலம்பை, முன்வைத்து ஆராய முயல்கின்றோம்.

முதற்கண் ஒரு பொதுக்கருத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். குறியீடு ஒப்புமையாற் பிறக்கின்றது என்பதே பலர் கொள்கை. மொழியியலறிஞர் சசூர் மறைந்தபின் 1916இல் வெளியான அவர்தம் விரிவுரைத் தொகுப்பிலே, மொழிக்குறிக்கும் குறியீட்டுக்கும் உள்ள வேறுபாடு கூறப்படுகின்றது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பு யாதுமில்லை. ஆனாற் குறியீட்டில் அத்தகைய தொடர்பின் சிறு கூறேனும் எஞ்சி நிற்கும் என்பது அவர் கருத்து. நீதியைக் குறிக்கும் துலாக்கோலை நீக்கிவிட்டு அவ்விடத்தில் வேறெதனையும், எடுத்துக்காட்டாக ஒரு தேரினை, வைத்துவிட முடியாது என்று அவர் எழுதுகின்றார்.

தேரைக் கூறியது தமிழ் வாசகனுக்குச் சற்றே நகைப்பை உண்டாக்கும். கன்றின்மேல் தேர் ஏற்றிய மகனை அத்தேர்க்காலிலேயே மடியச் செய்த சோழனைச் சிலப்பதிகாரம் அறியும். பின்னர்ச் சேக்கிழார் அக்கதையைத் திருவாரூரில் வைத்து விரித்துரைத்தார். ஈழத்து மகாவம்சமோ அதே கதையை எல்லாள மன்னன்மேல் ஏற்றி, ஆராய்ச்சி மணியையும் தாய்ப்பசுவையும் இளவரசனையும் உடன்வைத்துக் கூறுகின்றது. நம் நாட்டில் நீதியைக் குறிக்கத் தேர் முற்றும் பொருத்தமான பொருளே. தேருக்கும் நீதிக்கும் உருவ ஒப்புமை என்ன உளது? ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு கதையிலே, ஒரு நெருக்கடியான கணத்திலே, தேர் நீதியின் கருவியாக நின்றது. அக்கதை மீட்டும் மீட்டும் சொல்லப்பட்டது. இவ்விரண்டுமே போதுமாயின. ஆகவே ஒப்புமையைத் தேடுவதினும் பொருள் கடந்துவந்த வழியைத் தேடுவதே பயனுடைத்து என்பது நமது துணிபு. சிலம்பின் வழி அவ்வகையிற் பெரிதும் வளமுடையது.

சிலம்பு இளங்கோவடிகளின் கையில் வெறுமையாக வந்து சேர்ந்த பொருளன்று. சங்ககால வழக்கில் மணமாகாத மகளிர் காலில் அணிந்தது அது. மணத்துக்கு முன் அதனைக் கழற்றும் சடங்கு சிலம்புகழி நோன்பு எனப்பட்டது. ஐங்குறுநூற்றின் 399ஆம் பாட்டிலே, உடன்போய மகளின் தாய் ஏங்குகின்றாள்: சிலம்பு கழற்றும் சடங்கு தலைவன் மனையில் நடந்தேறினும், வதுவை மணத்தையேனும் தன் மனையில் நடத்தலாகாதோ என்பது அவள் கேள்வி. குறுந்தொகை 7ஆம் பாட்டிலோ வழியிடைக் கண்டோர் உடன்போக்குச் செல்லும் இருவரைக் காண்கின்றனர். ஆடவன் காலிற் கழல். பெண்ணின் காலிற் சிலம்பு. வேறொன்றும் கேளாமலே அவ்விருவர் நிலையையும் கண்டோர் உணர்ந்து இரங்குகின்றனர். இங்கே சிலம்பு நிலையொன்றைத் தெரிவிக்கும் அடையாளம் மட்டுமே. அடையாளம் ஒரு செய்தியைச் சொல்லி அமைந்துவிடும்; அதனைக் கண்டோர் செய்தியைப் பெற்றுக்கொண்டு அப்பாற் செல்வர். குறியீடு அவ்வாறு விடுவதில்லை. எனினும் எல்லாரும் அறிந்த அடையாளம் ஒன்றே குறியீடாதற்கு நல்ல நிலம் என்பதனையும் மறத்தலாகாது.

சிலப்பதிகாரத்தில் இவ்வழக்கு மாறியிருக்கின்றது. கண்ணகி மணமான பின்னும் சிலம்பணிகின்றாள். கோவலன் மாதவிபாற் சென்றபின் அவள் சீறடி சிலம்பின்றி இருந்ததை அந்திமாலைச் சிறப்புச்செய் காதை கூறும். மணத்தின்போது கழற்றப்பட்ட அணி இப்போது பிரிவின்போது கழற்றப்படுகின்றது. கன்னிமையைக் காட்டியது இல்லறத்தைக் காட்டுகின்றது. அடுத்து, பொருளனைத்தும் தொலைத்து நாணி வந்த கணவனிடம், சிலம்புகள் உள, கொள்க என்று அவள் கூறுமிடத்து அது விற்பனைக்குரிய முதலாகின்றது. வணிகர் குடியிற் பிறந்த இருவருக்கும் இஃது இயல்பான மாற்றமே. மதுரைக் கடைவீதியில் அதன் பெறுமதியைக் கோவலன் பொற்கொல்லனிடம் வினவுகின்றான். அப்பொற்கொல்லன் முன்னரே அரசியின் சிலம்பொன்றைக் கவர்ந்தவன். கோவலன் கையிலிருந்தது அவனுக்கு ஏற்ற மறைப்பாயிற்று. அணி முதலாகி, முதல் களவுப்பொருளாகி, களவுப்பொருள் கொலைக்குக் காரணமாகின்றது. இவ்வளவு நடந்தும் அது இன்னும் குறியீடாகவில்லை.

குறியீடு பிறக்குமிடம் வழக்குரை காதையே. அங்கு நிகழ்வதை நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். கண்ணகியின் வழக்கு மிகச் சிறியது. என் கணவன் கள்வன் அல்லன். என் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்கின்றாள். தம் சிலம்பினுள் இருப்பது முத்து என்கின்றான் பாண்டியன். புறத்தோற்றத்தால் இரண்டும் பிரித்தறியவொண்ணாதவை. அரசன் முன்வைப்பித்த சிலம்பைக் கண்ணகி உடைக்க, உள்ளிருந்த மணி அவன் முகத்தெதிரே தெறிக்கின்றது. புறத்தைக் கண்டு தீர்ப்பளித்த அரசனுக்கு அகத்தைக் காட்டியது அச்சிலம்பு. வளையலோ தாலியோ இத்தொழிலைச் செய்திருக்க முடியாது என்பது கருதத்தக்கது. பரலை உள்ளடக்கி, நடக்குந்தோறும் ஒலித்து, ஆயினும் உடைத்தாலன்றி உள்ளிருப்பதைக் காட்டாத அணி சிலம்பு ஒன்றே. சசூர் கூறிய இயல்பான தொடர்பின் சிறு கூறு என்பது உண்டாயின் அது இங்கே இருக்கின்றது. ஆனால் அந்நெருக்கடி நேராதிருந்தால் யாரும் அதனைக் கண்டிருக்க மாட்டார். பொருளில் உறங்கிக் கிடக்கும் இயல்பை நிகழ்ச்சி எழுப்புகின்றது என்று இதனைச் சொல்லலாம்.

அரசவையிலே சிலம்புக்கு எதிராக நிற்கும் பொருள் செங்கோல் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. ஒன்று வீட்டுப் பெண்ணின் காலணி; மற்றையது அரசன் கைப்பொருள்; அதன் பொருளோ நெடுங்காலமாக நிலைபெற்றது. சிலம்பு உடைந்த மாத்திரத்தே கோல் வளைந்தமை வெளிப்படுகின்றது. பின்னர்ச் செய்தி கேட்ட செங்குட்டுவன், ஊழ்வினை வளைத்த கோலைப் பாண்டியனின் போகிய உயிர் நிமிர்த்தியது என்ற கருத்துப்பட உரைக்கின்றான். பழைய குறியீட்டொன்றின் குறையைக் காட்டுவதாலேயே புதிய குறியீடு வலுப்பெற்றது. உடையாத சிலம்பு யாதொன்றையும் குறித்திராது.

பொருளை விட்டு மனிதருக்கு வருவோம். கண்ணகி எப்போது தன்னிற் பெரிய ஒன்றாகின்றாள்? நூலாசிரியர் இதற்கு வியப்பான ஒரு விடை வைத்துள்ளார். மதுரை சேருமுன்னரே, வேட்டுவவரியில், தெய்வமேறிய சாலினி கண்ணகியைச் சுட்டித் தமிழ்நிலம் முழுவதற்கும் உரிய செல்வி என்ற வகையிற் பெரும்பெயர்கள் பல சூட்டுகின்றாள். கண்ணகியோ, இம்மூதாட்டி மயங்கிக் கூறினாள் என்று கணவன் முதுகின் பின்னே ஒடுங்கிப் புன்முறுவல் பூத்து நிற்கின்றாள். குறியீடாக்கப்படுவதை அம்மனிதப் பெண் நாணத்தோடு மறுக்கும் இடம் இது. இந்நூலைக் கற்பின் காப்பியம் என்று மட்டும் படிப்போர் இப்புன்முறுவலை விரைந்து கடந்துவிடுகின்றனர். நமக்கோ நூலின் மிக நுட்பமான இடங்களுள் ஒன்றாகத் தோன்றுகின்றது.

இரண்டாம் முறை அவளைப் பெரிதாகக் காண்பவன் பாண்டியனின் வாயில் காவலன். விரிந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக நின்றவளை அரசனுக்கு அறிவிக்குமிடத்து அவன் தடுமாறுகின்றான். எருமைத்தலைமேல் நின்ற கொற்றவை அல்லள், பிடாரி அல்லள், காளி அல்லள், தாருகன் மார்பு கிழித்தவளும் அல்லள் என்று அடுக்கிச் செல்கின்றான். அவன் அறிந்த குறியீடுகளெல்லாம் பழையவை. எதிரே நிற்பதோ அவற்றுள் அடங்காதது. அல்லள் அல்லள் என்று சொல்லிச் சொல்லியே அவ்வரிசையில் அவளுக்கு ஓர் இடத்தை அவன் ஒதுக்கிவிடுகின்றான். புதிய குறியீடு பெரும்பாலும் இவ்வாறே பழையவற்றின் அருகில் வைத்து அறியப்படுகின்றது.

மெய்ப்பாட்டினும் இதுவே உண்மை. இடமுலையைத் திருகி மதுரைமேல் எறிந்த செயல் இளங்கோவடிகள் புதிதாய்ப் படைத்ததன்று. நற்றிணை 216ஆம் பாட்டிலே, அயலான் ஒருவன் செய்த துயரால் ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி என்னும் பெண்ணொருத்தி குறிப்பிடப்படுகின்றாள். அங்கே வேங்கை மரமும் உண்டு. கண்ணகி இறுதியில் நின்றதும் வேங்கை நிழலிலே என்பதை இதனோடு இணைத்து நோக்கியோர் பலர். புறநானூறு 278ஆம் பாட்டிலோ, மகன் போரிற் புறங்கொடுத்தான் என்பது மெய்யாயின் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று முதியவளொருத்தி சூளுரைக்கின்றாள். எனவே இச்செயல் உறவு அறுந்தமையையும் ஒறுப்பையும் சூளுரையையும் ஒருங்கே உணர்த்தும் மெய்ப்பாடாக முன்னரே மக்கள் மனத்தில் இருந்தது. காப்பியத்தில் அது ஒரு குடும்பத்தின் எல்லையைக் கடந்து ஒரு நகரத்தின்மேற் செல்கின்றது. சைகை பழையது; அது சென்று தாக்கிய இடம் புதியது.

இனி, குறியீட்டை நிலைநாட்டும் நிறுவனத்துக்கு வருவோம். வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்கள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனச் செல்வதை அனைவரும் அறிவர். போரிற் பட்ட வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் துறைகளே இவை. வீரனுக்குரிய சடங்குமுறை வணிகப் பெண்ணொருத்திக்கு மாற்றப்பட்டது என்பதுதான் அக்காண்டத்தின் உள்ளீடு. மாண்ட கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவியோ, சேரநாடு புகுந்த பத்தினியோ போற்றத்தக்கவர் யார் எனச் செங்குட்டுவன் வினவ, நம் நாட்டை அடைந்த பத்தினியே என்று வேண்மாள் தெரிந்து சொல்கின்றாள். பின்னர் இமயத்துக் கல், கங்கை நீராட்டு, கனகவிசயர் தலைச்சுமை. சேரனின் படையெடுப்புக்கும் கண்ணகியின் துயருக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் கல்லை அரசு எடுத்தபோது அரசின் பெருமையும் அக்கல்லில் ஏறிக்கொண்டது. ஓர் அரசனின் அநீதியைச் சாடிய பெண் வேறோர் அரசனின் வெற்றிச் சின்னமாகின்றாள். குறியீடுகளுக்கு இது வழமையாக நேரும் விதி. இளங்கோவடிகள் அதனை மறையாது கூறியுள்ளார்.

அக்கல்லின் முன் நின்றோருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்று நூல் கூறும். மகாவம்சத்திற் கஜபாகுவின் ஆட்சி கூறப்படினும் வஞ்சிப் பயணமோ பத்தினி வழிபாடோ கூறப்படவில்லை. பிற்காலச் சிங்கள நூலாகிய இராஜாவலிய, சோழநாட்டிலிருந்து அவன் பத்தினியின் சிலம்புகளையும் பிக்ஷா பாத்திரத்தையும் கொண்டுவந்தான் என்கின்றது. வரலாறு எவ்வாறாயினும் இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு: தமிழகம் கல்லை வைத்துக்கொண்டது, ஈழம் சிலம்பை வைத்துக்கொண்டது. சிங்கள மக்களின் பத்தினி தேவாலயங்களிலே சிலம்பே தெய்வத்தின் திருச்சின்னம். ஹலம்ப என்பது அதன் பெயர். கண்டிப் பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களோடு பத்தினி தேவாலயமும் நான்காவதாகச் செல்கின்றது. கம்மடுவச் சடங்கிற் கப்புறாளை பத்தினி உடைதரித்துச் சிலம்பேந்தி ஆடுகின்றார். அங்கே பத்தினி மாங்கனியிற் பிறந்தவள், புத்தநிலையை நோக்கிச் செல்பவள்; நோய் தீர்ப்பவள், மழை தருபவள். அநீதியை எதிர்த்த பொருள் அருள் தரும் பொருளாகிவிட்டது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இவ்வழிபாட்டின் பரப்பை உலகறியச் செய்தது.

மட்டக்களப்பில் வைகாசித் திங்களில் கண்ணகையம்மன் கோயில்களிற் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, குளிர்த்தியோடு சடங்கு முடியும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பிக்கு முன்னரே, காப்பியத்தை ஒருபோதும் கண்டிராத கிராமத்தார் கண்ணகியை அறிந்திருந்தனர் என்பதனைத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை. பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்த வழக்குரை அவ்வாறு வாய்மொழியாகவும் ஏட்டிலும் வாழ்ந்த நூலாகும். கொம்புமுறி விளையாட்டோ இன்னும் தெளிவான சான்று. ஊரார் கோவலனுக்குரிய வடசேரி, கண்ணகிக்குரிய தென்சேரி என இரண்டாய்ப் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டினைக் கொளுவி, ஒன்று முறியுமட்டும் வடங்கட்டி இழுப்பர். சிங்களக் கிராமங்களில் உடுபில, யடிபில என்னும் இரு கட்சியாக ஆடப்பட்ட அங்கெலிய இதற்கு உடன்பிறப்பு. மழை பொய்த்தபோதும் கொள்ளைநோய் வந்தபோதும் இரு மொழியினரும் ஒரே தெய்வத்தை நோக்கி ஒரே விளையாட்டை ஆடினர். இவ்வாறு ஒரு குறியீடு இரு மக்களுக்கு உரித்தாயிருந்தமையை நினைவிற்கொள்வது, இந்நாட்டில் பின்னர் நேர்ந்தவற்றை அறிந்த நமக்கு, வெறும் நாட்டாரியற் செய்தியாக முடியாது.

எனினும் எல்லாரும் ஏற்ற குறியீடு என ஒன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சைவர்கள் கண்ணகியை வணங்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். சமண சமயத்துச் செட்டிப் பெண்ணுக்கு ஆகமநெறி நின்ற சைவர் கோயில் எடுக்கலாமோ என்பது அவர் வாதம். யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல காலப்போக்கில் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்றாற்போன்ற பெயர்களைப் பெற்றன. நாவலரின் கண்டனத்தை மூடத்தனம் எனத் தள்ளுவது எளிது. நாம் அவ்வாறு தள்ளவில்லை. குறியீட்டின் பின்னே உள்ள மனிதரைத் தேடி, அவர் எக்குலத்தார், எச்சமயத்தார் எனக் கேட்பதும் அதன் ஆற்றலை அஞ்சுவோர் செய்யும் செயலே. ஆனால் மன்றாடுவோருக்கு அம்மனிதர் யார் என்பது தேவைப்படவில்லை என்பதனை அவர் கணக்கிற் கொள்ளவில்லை. முல்லைத்தீவின் வற்றாப்பளையிலே கடல்நீரில் விளக்கெரித்து வைகாசி விசாகப் பொங்கலிடும் மக்கள் அவ்வினாவைக் கேட்டதாகத் தெரியவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் கண்ணகி பெயர் நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் பெயர் மாறிய கோயில்களிலும் வைகாசிப் பொங்கல் முற்றாக மறையவில்லை.

தமிழகத்தில் இக்குறியீட்டின் பிற்கால வாழ்வு வேறுவகைத்து. அங்கே அச்சுநூலும் மேடையும் திரைப்படமும் கோயிலின் இடத்தைப் பிடித்தன. 1942இல் கண்ணகி என்னும் படமும், 1964இல் மு. கருணாநிதியின் எழுத்தில் பூம்புகார் படமும் வெளிவந்தன. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் நாட்டப்பட்ட சிலைகளுள் கண்ணகி சிலையும் ஒன்று. சிலம்பேந்திய கையை ஓங்கி நிற்கும் அவ்வுருவத்தில், வாயில் காவலன் கண்ட கணம் மட்டுமே எஞ்சியுள்ளது. சாலினி முன் ஒடுங்கி நின்ற புன்முறுவலுக்கு அங்கே இடமில்லை. குறியீடு ஒரு வாழ்வின் பல கணங்களுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஏனையவற்றைக் கைவிடும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 2001 டிசம்பரில் அச்சிலை இருந்த இடத்திலிருந்து அகற்றப்பட்டபோது எழுந்த கண்டனக் குரல்கள், ஒரு வெண்கல உருவத்துக்காக எழுந்தவை அல்ல. அதனைத் தமிழின் மானமாகக் கொண்டோர் குரல்கள் அவை. ஆட்சி மாறியபின் 2006 ஜூனில் அது மீண்டும் அவ்விடத்தில் நிறுவப்பட்டது. நாட்டுவதும் நீக்குவதும் மறுபடி நாட்டுவதும் அரசின் செயல்களாயின. செங்குட்டுவன் காலத்து முறை முற்றும் மாறிவிடவில்லை.

மட்டக்களப்புக் குளிர்த்திச் சடங்கிலோ அரசு இல்லை, சிலையை ஓங்கி நிறுத்துவாரும் இல்லை. மதுரையை எரித்தவளின் சினம் ஆறவேண்டும் என்பதே ஊராரின் வேண்டுதல். வழக்குரை பாடி முடிந்ததும் நீரால் அவளைக் குளிர்விக்கின்றனர். சிலம்பு அங்கே உடைக்கப்படுவதில்லை. அதனைத் துணியிற் சுற்றிப் பேழையில் வைத்து, அடுத்த வைகாசி வரை கதவைச் சாத்திவிடுவர்.